இரண்டாவது சம்மதம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். எனக்கு நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில்.

நானும் என் சகலையும் ஒரே ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறோம். நோயாளிகளின் படங்களை எல்லாம் கிளவுடில் பேக்கப் எடுத்து வைக்க வேண்டும். எத்தனையோ மென்பொருள்களை அலசி, வாங்குவதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். "எதுக்கு சார் வாங்கணும்? நானே எழுதித் தர்றேன்" என்றான் அவன். டாக்டருக்கு வாயெல்லாம் பல். ஒரு மாதத்தில் எழுதி முடித்துவிட்டதாகவும் சொன்னான். பேக்கப்பிலிருந்து படங்களை மீட்டுக் காட்டும் சோதனை திங்கட்கிழமை. அதில் தேறிவிட்டால் இனி அவன்தான் எனக்கு மேலே. வீட்டிலோ மாமியார் வாயைத் திறந்தால் சின்ன மாப்பிள்ளை புராணம். வயிறு எரியாதா?

அவன் பீற்றிக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. பேக்கப்பில் இருப்பதை ஒரே ஆள் அழிக்க முடியாதாம். ஒருவர் கேட்க வேண்டும். இன்னொருவர் வேறு கம்ப்யூட்டரிலிருந்து சம்மதிக்க வேண்டும். "தலைகீழா நின்னாலும் முடியாது சகலை!"

பார்த்துவிடலாம் என்று முந்தைய நாள் ஞாயிறு விடுமுறையில் தனியாகப் போனேன். வெளியே மழை. மணி 2.10. சோதனைக்காக வைத்திருந்த ஒரு படத்தை அழிக்கச் சொன்னேன். மறுக்கும், ஓட்டை தேடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வரவேற்பறையில்... டிக்.

'இரண்டாவது நபர் சம்மதித்தார்' என்றது திரை. படம் போய்விட்டது.

"யாரு அங்க? சகலை, விளையாடாத!"

எட்டிப் பார்த்தேன். அங்கிருந்த கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. மவுஸைத் தொட்டேன். சூடாக இருந்தது.

திரும்பி வந்தால் என் திரையில் ஒரு கேள்வி. 'எல்லாப் படங்களையும் அழிக்க ஒருவர் கேட்கிறார். சம்மதமா?'

மறைப்பானேன்... கை துறுதுறுத்தது. எல்லாம் போனால் பழி அவன் தலையில். அவன் கொட்டம் அடங்கும். ஆனால் எத்தனை பேருடைய படங்கள்! 'இல்லை'யை அழுத்தினேன்.

டிக்.

அதே கேள்வி.

'இல்லை.'

டிக்... இப்போது என் அறைக்குள்.

'இல்லை.'

டிக்... என் காதோரம்.

என் கைக்குள்ளே மவுஸ் தானாக நகர்ந்தது. 'ஆம்' பக்கம்.

ஒயரைப் பிடுங்கினேன். ஓடினேன்.

மறுநாள் சோதனையில் எல்லாப் படங்களும் பத்திரமாகத் திரும்பி வந்தன. ஒன்றைத் தவிர. "ஒண்ணுதானே, பரவால்ல" என்று டாக்டர் அவன் முதுகில் தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் தனியாக இழுத்துப் போனேன்.

"பெரிய இவனாட்டம் பேசினியே! ஆளே இல்லாம சம்மதம் குடுக்குதே, அது என்ன லட்சணம்?"

அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"டாக்டர்கிட்ட சொல்லிடாத சகலை. அது நான் சும்மா அடிச்சு விட்டது. சம்மதம் கேக்கறது, அழிக்கறது... எதையுமே நான் இன்னும் எழுதல."