ஊசித் துளை விழுந்த சுருட்டுகள்

சிங்காநல்லூரில் பிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்த தம்பிதுரை யார் சொல்வதையும் அப்படியே நம்பமாட்டார். 'நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க' என்று யாராவது சொன்னால், முந்தாநாளே கீழே போட்டு உடைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். மெஷின் பொய் சொல்லாது, ஆள்தான் சொல்வான் என்பது இருபது வருடத் தொழிலில் அவர் கண்டது.

1997 மே மாதம் பீளமேட்டு நூல்மில் முதலாளி சென்னகேசவன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மில் வளாகத்துக்குள்ளேயே வீடு. ஜெர்மனியிலிருந்து நூல் வாங்க வருகிறவர்கள் பரிசாகக் கொடுக்கும் சுருட்டுகளை வைக்க, சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னக் குளிர்பெட்டி வாங்கிவந்திருந்தார். அதில் கம்ப்ரசர் கிடையாது, கேஸ் கிடையாது. தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சில்லு மட்டும். கரண்டு பாய்ந்தால் சில்லின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். அந்தச் சூட்டைப் பெட்டியின் முதுகிலுள்ள விசிறி வெளியே தள்ள வேண்டும்.

"பெட்டி குளுரவே மாட்டீங்குதுங்க. அது போவட்டும், இதப் பாருங்க" என்று சென்னகேசவன் ஒரு சுருட்டை நீட்டினார். அதில் மூன்று துளைகள். ஊசியால் குத்தியதுபோல வட்டமாக இருந்தன.

பெட்டி, சுவரலமாரிக்குள் கச்சிதமாகச் செருகியிருந்தது. உள்ளே இருபத்தெட்டு டிகிரி. தம்பிதுரை அதை வெளியே இழுத்து மேசைமேல் வைத்து ஓடவிட்டார். இரண்டு மணி நேரத்தில் பதினேழுக்கு இறங்கிவிட்டது. ஒயரைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், வோல்டேஜைப் பார்த்தார். குறையே இல்லை. பின்மூடியைக் கழற்ற எடுத்த ஸ்குரூடிரைவரைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியை மறுபடி அலமாரிக்குள்ளேயே செருகினார்.

"பொட்டி நல்லாத்தான் இருக்குதுங்க. ஆரோ பிளக்கப் புடுங்கி உடறாங்க."

அந்தச் சமயம் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் மாசாணியம்மாள். ஆனைமலைப் பக்கத்துக்காரி, அந்த வீட்டில் ஆறு வருடமாக வேலை. அவள் வளையலில் இரண்டு ஊக்குகள் தொங்கின. தம்பிதுரையின் பார்வை அங்கே போய் நின்றது. சென்னகேசவனும் அதைக் கவனித்தார். சுருட்டு நாற்றத்தில் தலை வலிக்கிறது என்று அவள் ஒருமுறை முனகியது அவருக்கு ஞாபகம் வந்தது. மறுநாளே அவளை நிறுத்திவிட்டார். என்ன காரணம் என்று அவளிடம் சொல்லவில்லை. சமையலறையில் மட்டும் பேச்சு பரவியது: முதலாளி சுருட்டில் மாசாணி ஊசி குத்தினாளாம். அது அவள் காதுக்கும் எட்டியது.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் ஆள் வந்தது. இப்போது பெட்டிக்குள் இருபத்தொன்பது டிகிரி, எட்டு சுருட்டில் துளை.

"அவ போனதுலருந்து அறையப் பூட்டிச் சாவிய நானே வெச்சிருக்கறேன். பொட்டியத் தொட்டது நீங்களும் நானுந்தான்" என்றார் சென்னகேசவன். தன்னையும் சேர்த்துச் சொன்னது தம்பிதுரைக்கு முள்போலக் குத்தியது. முதலாளியம்மாவிடம் இன்னொரு சாவி இருக்குமோ என்று அவர் மனம் உடனே தேடத் தொடங்கியது.

அந்த யோசனையிலேயே பெட்டியை வெளியே இழுத்துவிட்டு அலமாரிக்குள் கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பின்சுவர் சுட்டது. பெட்டியைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றினார். மில்லிலிருந்து பறந்துவந்த பஞ்சு, விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே மெத்தைபோல அடைந்திருந்தது. போதாததற்கு, அலமாரிக்குள் சூடு வெளியேற ஒரு விரல் இடம்கூட இல்லை. அன்றைக்கு மேசைமேல் காற்றாட இருந்ததால், அந்தப் பஞ்சோடும் சமாளித்துக் குளிர்ந்திருக்கிறது. யாரும் பிளக்கைப் பிடுங்கவில்லை. அப்படியானால் துளையும் யாரும் போட்டதாக இருக்காதோ என்று அவருக்குத் தோன்றியது.

துளை இல்லாத சுருட்டாக ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, கடையில் காலிக் கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டு இறுக மூடினார். தினமும் காலையில் பார்த்தார். நான்காம் நாள் சுருட்டில் ஒரு துளை. அடியில் பழுப்புத் தூள். பாட்டில் சுவரில் எள்ளைவிடச் சிறிய வண்டு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. புகையிலைக்குள் இருந்த முட்டை, இத்தனை வாரப் பெட்டிச் சூட்டில் பொரிந்து, புழுவாகி, பிறகு வண்டாகி, உள்ளிருந்து துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

மில் வீட்டு டிரைவரிடம் மாசாணியம்மாளின் ஊரை விசாரித்துக்கொண்டார். மறுநாள் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து ஆனைமலைக்குப் போனார்.

மாசாணியம்மாள் ஒரு தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது.

"ஏனுங்க, இங்கயும் ஊசி தேடி வந்தீங்களா?"

அவர் பாட்டிலை எடுத்துக் காட்டினார். விளக்கிச் சொன்னார்.

"ஆரு சொல்லி என்னைய நிறுத்துனாங்கன்னு தெரியாதுங்க. தப்புப் பண்ணுனவங்கள அம்மனே கேக்கட்டும்னு, கோயில்ல பேரு சொல்லாமயே மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வந்தேன்."

"நான்தானுங்க சொன்னது" என்றார் தம்பிதுரை. "உங்க பேரச் சொல்லல. ஆனா உங்க ஊக்கப் பாத்தேன்."

அவள் கையிலிருந்த தேங்காயைக் குவியலில் போட்டாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவுது? அந்த ஊட்டுச் சமையக்காரி, டிரைவரு, தோட்டக்காரன் அத்தன பேரு முன்னாலயும் சொல்லுங்க. நானும் வாரேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவள் சொன்னபடியே வந்தாள். தம்பிதுரை சமையலறையில் எல்லாரையும் நிற்கவைத்து, வண்டைக் காட்டி, தன்மேல்தான் தப்பு என்று சொன்னார். சமையற்காரி பாட்டிலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சென்னகேசவன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் சிவந்தது.

"சரி, ஆனது ஆச்சு. மாசாணி, நாளையிலருந்து வேலைக்கு வந்துரு" என்றார்.

"வேண்டாமுங்க" என்றாள் அவள். சமையற்காரி காபி கலக்கத் திரும்புவதற்குள் வெளிவாசலைத் தாண்டிவிட்டாள்.

தம்பிதுரை பஞ்சைச் சுத்தம் செய்து, பெட்டியை மேசைமேலேயே வைத்தார். மிச்சமிருந்த சுருட்டுகளை நான்கு நாள் பிரீசரில் வைத்தால் முட்டைகள் செத்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தார். பெட்டி அதன்பின் நன்றாகக் குளிர்ந்ததாக டிரைவர் சொன்னார். அந்த வீட்டிலிருந்து மட்டும் தம்பிதுரையை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.