சமையலறைக்குப் பின்னால் ஒரு கான்

தேயிலை மலையில் இருபது வருடம் கான் வெட்டியவன் நான். மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் இறங்கிப்போக வெட்டும் வாய்க்காலைத்தான் கான் என்போம். அப்படிப்பட்ட நானே, பசறை ஊருக்கு மேலே கட்டிய என் வீட்டில் சமையலறையைப் பெரிதாக்குவதற்காகப் பின்னாலிருந்த பழைய தோட்டத்துக் கானை மண் போட்டு மூடினேன்.

வீட்டுக் காப்புறுதியில் வெள்ளத்தையும் சேர்க்க விண்ணப்பித்தபோது, இடத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார்.

"மேட்டு வீட்டுக்கு எங்கங்க வெள்ளம் வரப்போகுது? வீட்டுக்காரி சொன்னாளேன்னுதான் எழுதிப்போட்டேன்" என்று சிரித்தேன்.

அவர் மேலேயிருந்த தேயிலையைப் பார்த்தார். "அந்தத் தண்ணியெல்லாம் எந்த வழியா இறங்குது?"

நான் சமையலறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்ற மனைவி, "உள்ளதச் சொல்லுங்க" என்றாள். கானை மூடியதைச் சொன்னேன்.

"சொன்னதே நல்லதுண்ணே. மறைச்சிருந்தா நாளைக்கு நட்டஈடு கேக்கையில பத்திரம் உதவாது. தண்ணிக்கு வழி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, திரும்ப வந்து பாக்கிறேன்" என்றார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் வளைவில் மறைவதற்குள் மம்பட்டியை எடுத்துவிட்டேன். மனைவி மண்ணை அள்ள, சுவரைச் சுற்றிப் புதுக் கான் வெட்டினேன். பின்னேரமே மழை கொட்டியது. செம்மண் தண்ணீர் சுவரை நோக்கிச் சீறிக்கொண்டு வந்தது, கானில் விழுந்தது, அப்படியே திரும்பி ஓடியது. தொப்பலாக நனைந்தபடி இருவரும் கைதட்டினோம்.

அடுத்த வாரம் அதிகாரி திரும்ப வந்து பார்த்தார், காப்புறுதிப் பத்திரமும் கிடைத்தது. இருபது வருடத்தில் என் வீட்டுக்கென்று நான் வெட்டிய முதல் கான் அதுதான்.