வாட்டமான பிடி

லாரன்ஸின் கையைக் கெடுத்தவன் நான். தெரிந்தேதான் கெடுத்தேன். அவன் எதிரில் உட்கார்ந்து, நல்லது சொல்கிறவன் முகத்தோடு கெடுத்தேன்.

முகத்தைச் சுளிக்காதே. முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளி. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொன்னால் மன்னிப்புக் கிடைத்துவிடும்... அது எனக்கு வேண்டாம். தவிரவும், எங்கள் பங்குச் சாமியாருக்கு என் குரல் நன்றாகத் தெரியும். இந்த இரண்டில் எது உண்மையான காரணம் என்பதை நீயே முடிவு செய்துகொள்.

ராயபுரத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பல வருடங்களாக நான்தான் கிட்டார். வார நாட்களில் துறைமுகத்துக்கு எதிரே ஒரு சரக்கு ஏஜென்சியில் குமாஸ்தா. அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடகர் மாடத்தில் ஏறி கிட்டாரைத் தோளில் மாட்டிய பிறகுதான் நானும் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றும். வாத்தியாரிடம் முறையாகப் படித்தவன், பரீட்சை எழுதித் தேறியவன். குழுவில் அப்படி வேறு எவனும் கிடையாது. திமிர் என்கிறாயா? ஆம், திமிர்தான்.

அப்போதுதான் லாரன்ஸ் வந்து சேர்ந்தான்.

காசிமேட்டில் விசைப்படகு இஞ்சின் பழுது பார்க்கிறவன். யாரிடமும் படிக்கவில்லை, போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். பிரசங்கம் நடக்கும்போதுகூடக் காதோரம் ஏதாவது முணுமுணுத்துப் பக்கத்தில் இருப்பவனைச் சிரிக்க வைப்பான். என்னைப் பார்த்த முதல் நாளே 'சர்ட்டிபிகேட்டு' என்று பெயர் வைத்தான். குழுவே சிரித்தது. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. கெடுத்த குற்றத்துக்காக அவனை உத்தமனாக்கி உனக்குக் காட்ட மாட்டேன்.

ஆனால் அவன் வாசிப்பு... என் கிட்டார் பாட்டின் பின்னால் அடக்கமாக நடந்துபோகும். அவனுடையது பாட்டை இழுத்துக்கொண்டு ஓடும். கீழே பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த சனங்கள் கழுத்தைத் திருப்பி மாடத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்காக அங்கே எந்தக் கழுத்தும் திரும்பியதில்லை!

இனி விஷயத்துக்கு வருகிறேன். கம்பியை மீட்டும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு, பிக், அதை மடக்கிய ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதுதான் வழக்கம். லாரன்ஸுக்கு அது முடியாது. எப்போதோ இஞ்சின் பெல்ட்டில் மாட்டியதில் அவனுடைய வலது ஆள்காட்டி விரலின் மேல் கணு மடங்காது. ஆகவே கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிக்கைப் பிடித்தான். விறைத்த விரல் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும்.

"இது தப்பா மாமு?" என்று ஒருநாள் அவனே என்னிடம் கேட்டான். "நானும் எப்டி எப்டியோ புடிச்சுப் பாத்தேன். ஒரே பேஜாரு. கடசில இப்டிப் புடிச்சாதான் கைக்கு வாட்டமா கீது."

தப்பில்லை. அது எனக்குத் தெரியும். வலிக்காமலும் நழுவாமலும் நிற்கிற பிடிதான் உன் பிடி, மற்றதை மறந்துவிடு என்று வாத்தியார் எனக்கு முதல் நாளிலேயே சொல்லிவிட்டார். அதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான்... "பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள். அப்போது பூசையில் நாங்கள் வானவர் கீதம் என்ற புகழ்ச்சிப் பாட்டைப் பாடுவதில்லை. பெரிய வியாழன் மாலைப் பூசையில்தான் அது மறுபடி எழும்பும். கோயில் மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும், வாத்தியங்கள் முழங்கும். அதோடு சரி. பிறகு ஈஸ்டர் வரை மணியும் கிடையாது, கிட்டாரும் கிடையாது, மரக்கட்டையின் டக்டக் சத்தம் மட்டும்தான். அந்த வானவர் கீதத்தின் தொடக்கம் வருடாவருடம் என்னுடையது. இந்த முறை லாரன்ஸ் தனியாகத் தொடங்கட்டும் என்று குழுவை நடத்தும் மாஸ்டர் சொல்லிவிட்டார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

அன்று பயிற்சி முடிந்ததும் லாரன்ஸை நிறுத்திவைத்தேன். மணலிப் பக்கத்துக் காற்றில் ரசாயன நெடி வந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு, அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், டாக்டர் பார்ப்பதுபோல.

"இப்படியே வாசிச்சினா ரெண்டு மூணு வருஷத்துல நரம்பு இழுத்துக்கும். அப்புறம் ஸ்பானர்கூடப் புடிக்க முடியாது" என்றேன்.

அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுவே முதல் தடவை. "நெஜமாவா மாமு? வூட்ல எல்லாம் இந்தக் கைய நம்பித்தான் கீறாங்க."

"அதனாலதான் சொல்றேன். முறையாப் புடி."

ஏன் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தேன்? வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவன் சிரித்துத் தள்ளியிருப்பான். பிழைப்பைத் தொட்டால்தான் பயப்படுவான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன்.

அடுத்த பயிற்சிக்கு விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தான். தாளம் தடுமாறியது. "இன்னாடா, போன வாரம் பின்னியெடுத்தியே?" என்று மாஸ்டர் கடிந்தார். "மொறையா கத்துக்கினு கீறேன் மாஸ்டர்" என்று சொல்லி என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தான். நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினேன்.

பெரிய வியாழன் வந்தது. மணிகள் அடித்தன. லாரன்ஸ் தொடங்கினான். சில அடிகள்தான்... மடங்காத விரலில் பிக் சுழன்றது, நழுவியது, கிட்டாரின் வட்டத் துளைக்குள்ளேயே விழுந்துவிட்டது! அவன் கிட்டாரைக் கவிழ்த்து உலுக்கினான். உள்ளே அது கடகடவென்று உருண்டது. கோயில் முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. அவன் மிகவும் விரும்பிய அதே பார்வைகள்.

நான் கீதத்தைத் தொடங்கினேன். ஒரு கணமும் தாமதிக்கவில்லை. அவன் பிக் விழுவதற்கு முன்பே என் கை கம்பியின்மேல் தயாராக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வேறொரு நாளாக இருந்திருந்தால் அடுத்த பாட்டிலேயே ஏதாவது செய்து தன்னை மீட்டுக்கொண்டிருப்பான், தானே அதைச் சொல்லிச் சிரித்தும் இருப்பான். அன்றைக்கு அடுத்த பாட்டுக்கு வாத்தியம் இல்லை. மறுநாளும் இல்லை. அந்தக் கடகடப்புதான் அவன் எங்கள் கோயிலில் எழுப்பிய கடைசிச் சத்தம். ஈஸ்டருக்கு அவன் மாடம் ஏறவில்லை. மாஸ்டரும் கூப்பிடவில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆம், நிம்மதி! நீ எதிர்பார்த்த குற்ற உணர்ச்சி உடனே வந்து நிற்கவில்லை.

பிறகு எனக்குக் கட்டைவிரலின் அடியில் வலி கண்டது. ஆபீஸில் நாளெல்லாம் தட்டச்சு, வீட்டில் சாதகம். ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு அவன் பிடித்ததைப்போல நடுவிரலில் பிடித்துப் பார்த்தேன். என் கை அவ்வளவு லேசாக ஒருநாளும் இருந்ததில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் வாசிக்கிறேன். மாடம் உயரத்தில் இருப்பதால் கீழே நிற்பவர்களுக்கு என் விரல்கள் தெரியாது. "இப்பல்லாம் உன் கை நல்லா எளகிடுச்சு" என்று மாஸ்டர் பாராட்டினார். வாங்கிக்கொண்டேன். திருட்டு என்பாயா? சொல்லிக்கொள். நீ என்னைவிட யோக்கியன் என்பதற்கு என்னிடம் சாட்சி ஒன்றும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் இதை உன்னிடம் சொல்லவே வந்திருக்க மாட்டேன். பழங்கதை என்று புதைத்திருப்பேன். போன ஞாயிறு பூசை முடிந்து இறங்கியபோது கோயில் வாசலில் லாரன்ஸ் காத்திருந்தான்.

"மாமு, நான் வுடல" என்றான். "தெனம் வேலைக்குப் போறதுக்கு முந்தி மொட்ட மாடில குந்திக்கினு நீ சொன்ன மாரியேதான் புடிக்கிறேன். இன்னும் வலிக்குது, நழுவுது. எங்க தப்பு பண்றேன்னு ஒரு தபா பாரேன். அல்லாரும் கை தட்டிக்கினு இருந்தாங்கோ. நீ ஒர்த்தன்தான் உண்மைய சொன்ன."

சட்டைப் பையிலிருந்து பிக்கை எடுத்து என்னிடம் கையை நீட்டினான். அந்தக் கணு வீங்கியிருந்தது.

பழையபடி பிடி என்று சொன்னால் போதும்... ஆனால் சொன்னால் அடுத்த ஞாயிறே மாடம் ஏறி என் பக்கத்தில் நிற்பான். சனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவனோ என் விரல்களைப் பார்ப்பான்.

அவன் கையை வாங்கிக்கொண்டேன். வீங்கிய விரலின்மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் மடக்கு" என்றேன்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினான்.