"ஐ ஃபெயில்டு, மேடம்!"

முதலில் ஒரு மன்னிப்பு. பத்திரிகை ஆபீஸில் என் கையெழுத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்கும் தங்கச்சி போன தடவை போன் பண்ணி, "அண்ணே, நாலாவது பக்கத்துல இருக்கறது எழுத்தா, எறும்பு நசுங்கினதா?" என்று கேட்டது. எழுத்துதாம்மா. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எந்த 'ல' எங்கே வரும் என்பதில் எனக்கும் தமிழுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. பிழை இருந்தால் என்னுடையது. இல்லாவிட்டால் தங்கச்சி திருத்தியது.

மூன்று வாரமாகப் பத்தி வரவில்லையே, பஷீர் பாய்க்கு உடம்பு சரியில்லையா என்று சிலர் விசாரித்தீர்களாம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இங்கிலீஷ் பேசிவிட்டேன்... அதனால் வந்த வினை.

பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் நான் வேலை செய்யும் அட்டைப்பெட்டி கம்பெனியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். என்னுடையது பஞ்சிங் மிஷின். அட்டையை உள்ளே வைத்தால், 'டொப்' என்று அழுத்தி, பெட்டிக்குத் தேவையான வடிவத்தில் வெட்டித் தரும். ஒரு நாள் மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் தரப்போகிறதாம். அதற்கு முன்னால் ஆள் அனுப்பி, வேலை செய்யும் இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். தொழிலாளி ஒருத்தரிடம் பேசவும் செய்வார்களாம்.

"நீங்கதான் பேசணும் பாய்."

"நானா சார்? எனக்குத் தமிழே பாதிதான் வரும்."

"அதுக்குத்தான் உங்களப் போட்டேன். வேற எவன நிறுத்தினாலும் ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லுவான். இந்த ஆர்டர் வரலன்னா பொங்கலுக்கு அப்புறம் ஒரு ஷிப்ட்டுதான் பாய். பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பணும்."

ஒரு துண்டுச் சீட்டில் தமிழ் எழுத்தில் எழுதியும் கொடுத்தார். 'எஸ். வெரி சேஃப். நோ ப்ராப்ளம்.' அவ்வளவுதான் என் வசனம்.

ஆனால் எனக்குப் பயம். பாதிப் பேர் வேலை என் நாக்கில் அல்லவா தொங்குகிறது? நாலு பேர் இருந்தால் டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சொல்லக்கூட வெட்கப்படுகிற ஆள் நான். சரி, பாண்டிச்சேரிக்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாதா என்று கேட்பீர்கள். வெள்ளைக்காரன் ஆண்ட ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்களை ஆண்ட வெள்ளைக்காரன் வேறு. அவனுக்கே இங்கிலீஷ் வராது!

வழி காட்டியது செல்வம். அடுத்த மிஷின்காரன், பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம். நெல்லைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தை பேசுவான், செல்போனைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான். "ஸ்போக்கன் இங்கிலீஷ் வேணும்னா இதப் பாரு பாய்" என்று வரிசையாக வீடியோ அனுப்பினான். எல்லாம் தன்னம்பிக்கைப் பேச்சு. காதோரம் மைக் ஒட்டிய ஒருவர் மேடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பார். கையை விரிப்பார். நிறுத்துவார். கூட்டம் கை தட்டும்.

பத்து நாள் பார்த்தேன். ஒரு விஷயம் நன்றாகப் புரிந்தது. இவர்கள் யாரும் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவதில்லை. ஆணோ பெண்ணோ, முதலில் தான் தோற்ற கதையைச் சொல்கிறார்கள். "ஐ ஃபெயில்டு." மூன்று எண்ணும் வரை மௌனம். அதன் பிறகுதான் மற்றது. நாம் யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறோம் இல்லையா... அது மாதிரி இது இங்கிலீஷ்காரர்களின் மரியாதை போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைதான் மேடை. ஃபிரிட்ஜுதான் கூட்டம்.

"ஏங்க, யாருகிட்ட ரெண்டு கையயும் நீட்டுறீங்க?" என்றாள் என் மனைவி மெஹர்.

"ப்ராக்டிஸ்."

"நடுவுல பேச்ச நிறுத்திட்டு அப்படியே நிக்கிறீங்களே, நெஞ்ச கிஞ்ச வலிக்குதா?"

"அது ஸ்டைல் மெஹர்."

"நல்ல ஸ்டைல். நவுருங்க, தயிர் எடுக்கணும்."

அந்த நாளும் வந்தது. வந்தவர் ஓர் அம்மா. நரைத்த தலை, காலில் பூட்ஸ், கையில் நோட்டு. மேனேஜர் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா என்னிடம் நின்று, நிதானமாகக் கேட்டார்: "ஆர் யூ சேஃப் ஹியர்?"

வாயைத் திறந்தேன். 'வெரி சேஃப்' வரவில்லை. பத்து நாள் பழகியதுதான் வந்தது.

"மேடம்... ஐ ஃபெயில்டு."

ஒன்று, இரண்டு, மூன்று. மேனேஜர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு உறைக்கவில்லை.

"த்ரீ இயர்ஸ் பிஃபோர். அட்டை ஸ்டக். ஐ புட் மை ஹேண்ட். மிஷின் நோ ஸ்டாப்!" கையை விரித்தேன். "ஐ புல்! ஹேண்ட் கம்மிங். கிளவுஸ்... நாட் கம்மிங்." ஒன்று, இரண்டு, மூன்று. "ஆஃப்டர், கிளவுஸ் லைக் அப்பளம்."

அப்பளம் அவருக்குப் புரியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அழுத்திக் காட்டினேன். புரிந்தது. நோட்டைத் திறந்தார். மிஷினுக்குத் தடுப்பு இல்லையா என்று கேட்டார்.

தடுப்பு உண்டு. அந்தக் கம்பிக் கதவை மூடினால்தான் மிஷின் அழுத்தும், திறந்தால் நின்றுவிடும். ஒவ்வொரு அட்டைக்கும் திறந்து மூடினால் வேலை இழுக்கிறது என்று எல்லா மிஷினிலும் கழற்றி, ஸ்டோர் ரூமில் போட்டு வருஷக்கணக்காகிறது. எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

"ஸ்டோர் ரூம், மேடம். ஐ ரிமூவ். மை ஸ்பேனர்." பொய் இல்லை. என் மிஷினில் கழற்றியவன் நான்தான். "திஸ் இஸ் மை ஸ்டோரி. தேங்க் யூ."

அதோடு போயிருக்கும். வீடியோ பார்த்த பழக்கத்தில் செல்வம் கை தட்டிவிட்டான்! அவனைப் பார்த்து செக்‌ஷனே தட்டியது. நடுவில் மேனேஜர் மட்டும், மிஷினில் மாட்டிய கிளவுஸ் மாதிரி நின்றார்.

அதன் பிறகு பத்து நாள் கம்பெனியில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வரும் வரை ஆர்டர் உண்டா இல்லையா தெரியாது. செல்வம் மட்டும்தான் கொட்டித் தீர்த்தான்.

"தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் பாய். நீ ஊமையா நின்னிருந்தாலே ஆர்டர் வந்திருக்கும்."

"வீடியோ அனுப்பினது நீதானடா?"

"கேக்கத்தான அனுப்பினேன்? நடிக்கவா சொன்னேன்?"

அடுத்த அட்டையை எடுத்து மிஷினுக்குள் வைத்தேன்.

வீட்டில் அதைவிடப் பெரிய விசாரணை. விஷயம் மெஹர் காதுக்குப் போயிருந்தது.

"மூணு வருஷமா எங்கிட்ட சொல்லல. மொத தடவ பாக்குற பொம்பளகிட்ட சொல்லியிருக்கீங்க."

"அது... இங்கிலீஷ்ல வந்துடுச்சு மெஹர்."

அவள் சிரிக்கவில்லை. என் வலது கையை இழுத்து, வெண்டைக்காய் வாங்கும்போது பார்ப்பாளே, அந்த மாதிரி ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள்.

யோசித்துப் பார்த்தேன். தமிழில் எனக்கு எல்லாம் தெரியும்... எங்கே வாயை மூட வேண்டும், யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதை வீட்டில் சொல்லக் கூடாது, எல்லாம். இங்கிலீஷில் அதெல்லாம் நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தானோ என்னவோ, உண்மை வந்துவிட்டது.

போன வியாழக்கிழமை மேனேஜர் வந்தார். கையில் ஒரு தாள்.

"ஆர்டர் வந்துடுச்சு பாய். ஆனா எல்லா மிஷின்லயும் தடுப்பு மாட்டி, போட்டோ அனுப்பினாத்தான் மொத லோடு எடுப்பாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினார். அவரும் அந்த வீடியோக்களைப் பார்க்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. "உங்க அப்பளத்த வேற அப்படியே எழுதியிருக்காங்க. அடுத்த வருஷமும் உங்களத்தான் பாக்கணுமாம். அதுக்குள்ள தயவுசெஞ்சு வேற எதாச்சும் பாருங்க பாய். சமையல் வீடியோ பாருங்க."

இன்று எல்லா மிஷினுக்கும் தடுப்பு மாட்டியாகிவிட்டது. என் மிஷினுக்கு நானே மாட்டினேன். அதே ஸ்பேனர். திறந்து மூடி, திறந்து மூடி வேலை இழுக்கத்தான் செய்கிறது. செல்வம் காலையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டே கதவை மூடுகிறான். ஆனால் மூடுகிறான்.

இதை முன்பே எழுதியிருக்கலாம். தடுப்பு மாட்டுவதற்கு முன்னால் எழுதினால் அதுவும் ஒரு மேடைப் பேச்சாகிவிடும் என்றுதான் காத்திருந்தேன்.

பத்து விரலும் பத்திரமாக இருக்க எழுதி முடித்தது: புதன்கிழமை, நவம்பர் 19.