சப்பாத்துக் கால்

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. காடு வெட்டும்போது ஒரு பாலை மரம் நான் நினைத்த பக்கம் விழவில்லை. வவுனியா ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். கேட்கிறவர்களுக்கு இவ்வளவுதான் சொல்வேன். இதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

காலைவிட அதற்குப் பிறகு காணி அதிகாரியிடமிருந்து வந்த கடிதம்தான் என்னை வதைத்தது. எங்கள் காணி குடியேற்றத் திட்டத்தில் கிடைத்தது. தானே நின்று கமம் செய்கிறவனுக்குத்தான் காணி என்பது பெர்மிட்டில் இருக்கிற நிபந்தனை. நான் கால் போய்ப் படுத்துக் கிடந்த போகத்தில் மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உழுது விதைத்தான். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, அடுத்த வயல்காரன்தான். ‘காணியை வேறொருவர் செய்வதாக அறிகிறோம், சூடு மிதித்து நெல் பிரிக்கும் நாளில் நேரில் வந்து பார்ப்போம்’ என்று கடிதம் சொன்னது. பார்த்துவிட்டு என்ன செய்வார்கள் என்று எழுதவில்லை. எழுதாமலே எங்களுக்கு விளங்கியது.

அந்த நேரத்தில்தான் இரண்டு மாணவர்கள் எங்கள் குளத்துக்கு வந்தார்கள். கொழும்பில் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள். விடுமுறையில் மதகு வேலையில் பயிற்சி. ஒருவன் நெட்டை, மற்றவன் கண்ணாடி போட்டவன். நான் கவைத்தடியை அக்குளில் வைத்துக்கொண்டு குளக்கட்டில் இழுபட்டுப் போவதைப் பார்த்துவிட்டு நெட்டையன் ஓடி வந்தான்.

“அண்ணை, உங்களுக்கு ஒரு கால் செய்து தரட்டோ?”

“ஏன் தம்பி, உங்களிட்ட மிச்சமாய் ஒண்டு கிடக்குதோ?”

அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கே அளவெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வேலைத்தளக் களஞ்சியத்தின் சீமெந்துத் தரையில் என்னை நிறுத்தி, இருத்தி, படுக்கவைத்து அளந்தார்கள். இருக்கிற காலையும் அளந்தார்கள், இல்லாத காலையும் அளந்தார்கள். மாடு வாங்க வருகிறவன்கூட ஒரு மாட்டை இவ்வளவு தடவிப் பார்க்கமாட்டான். நெட்டையன் படம் கீறினான். கண்ணாடிக்காரன் செதுக்கினான். முதலில் முதிரை மரத்தில் செய்த கால் விலங்கு மாட்டியதுபோலக் கனத்தது. பிறகு மலைவேம்பில் செய்தார்கள். வெட்டிய இடம் உட்காருகிற கிண்ணத்துக்குள் இலவம்பஞ்சும் சைக்கிள் ரியூப்பும் வைத்தார்கள். தொடையில் கட்டத் தோல் வார். புண் வந்தது, ஆறியது, திரும்பவும் வந்தது. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் கொஞ்சம் சுரண்டுவார்கள். “இப்ப எப்பிடி அண்ணை?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போனது.

எங்கே நடக்கப் போகிறேன் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் வந்தது மாசியில். கதிர் அறுத்துச் சூடாகக் குவித்தாகிவிட்டது, வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கார்த்திகையில் அதே வயலில் முழங்கால் வரை சேறு நிற்பதை அவர்கள் கண்டதில்லை. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. எனக்குத் தேவை ஒரு நாள் நிற்க ஒரு கால். அதிகாரி பார்த்துவிட்டுப் போனால் சரி. திரும்ப அளவெடுக்க நிற்கிற பலமும் என்னிடம் இருக்கவில்லை.

கடைசியில் நெட்டையன் தன்னுடைய பழைய சப்பாத்து ஒன்றை மினுக்கிக் கொண்டுவந்து மரப் பாதத்தில் போட்டு ஆணி அடித்துவிட்டான்.

“மற்றக் காலுக்கும் போட்டியளெண்டால் ஒருத்தருக்கும் தெரியாது அண்ணை.”

“நான் பிறந்ததிலயிருந்து சப்பாத்துப் போட்டதில்லை தம்பி.”

அப்படிச் சொன்னேனே தவிர, அது எனக்குப் பிடித்திருந்தது. குனிந்து குனிந்து அதையே பார்த்தேன். களஞ்சியத்திலிருந்து வாசல் படலை வரை தடி இல்லாமல் நடந்தேன். சாப்பாடு கொண்டுவந்த மனைவி படலையடியில் நின்று பார்த்தாள்.

“நடக்கிறியள்,” என்றாள். சாப்பாட்டுப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, “சோறு ஆறுது, வாங்கோ,” என்றாள்.

சூடு மிதிக்கிற நாள் வந்தது. கதிர்க்கட்டுகளைக் களத்தில் பரப்பி, கர்ப்பூரம் கொளுத்தி, எருமைகளைப் பிணைத்து நிறுத்தியிருந்தார்கள். அதிகாரி மர நிழலில் கதிரையில் இருந்தார். அடுத்த வயல்காரனும் வந்திருந்தான், வராமல் இருப்பானா? நான் வரம்பால் நடந்து வந்தேன். பின்னால் இரண்டு மாணவர்களும் குறிப்பு எழுதுகிற கொப்பியோடு வந்தார்கள். வெறுங்காலாயிருந்த இடது காலைக் களத்துக்குள் வைத்தேன். வலது காலைத் தூக்கினேன்.

“சப்பாத்தோடயோ களத்துக்கை ஏறுறாய்?” என்றான் அடுத்த வயல்காரன்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. நெல்லுக் களத்துக்குள் ஒருவரும் செருப்போடு ஏறுவதில்லை. கோயில் வாசலில் எப்படியோ அங்கேயும் அப்படித்தான். டவுன் பிள்ளைகளுக்குத் தெரியாது, சரி. எனக்கு? இத்தனை நாள் அந்தச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். என் மூளை எங்கே போயிருந்தது?

“என்ன நிக்கிறீர்? ஏறும்,” என்றார் அதிகாரி. அவரும் டவுன் ஆள்தான்.

காலைக் கழற்றினால் நிற்கவே முடியாது, ஒற்றைக் காலனால் கமம் ஏலாது என்று எழுதுவார், காணி போகும். சப்பாத்தோடு ஏறினால் அந்த நெல்லை என் வீட்டில்கூட ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். நானும் வைக்கமாட்டேன்.

“இஞ்சாருங்கோ, கழட்டிப்போட்டு ஏறுங்கோ,” என்றாள் மனைவி.

“எதைக் கழட்டுறது? காலையோ சப்பாத்தையோ?”

யாரோ சிரித்தார்கள். நெட்டையன் கொப்பியை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்தான். “ஆறு ஆணி அடிச்சிருக்கிறன் அண்ணை,” என்றான் மெதுவாக.

“சப்பாத்தை விடு, அந்த வார் என்ன? மாட்டுத்தோல்தானே?” என்றான் அடுத்த வயல்காரன். அவனுக்கு இன்னும் போதவில்லை.

எருமைக் கயிற்றோடு நின்ற மச்சான் திரும்பினான். “எருமை என்னத்தைப் போர்த்துக்கொண்டு நிக்குது? அதையும் உரிச்சுப்போட்டோ அண்ணை ஏத்திறது?”

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் கண்ணாடிக்காரன் வண்டிலிலிருந்து குறடு எடுத்து வந்து என் முன்னால் முழங்காலில் இருந்துவிட்டான். குறட்டால் சப்பாத்தை இழுத்தான். வரவில்லை. பலமாக இழுத்தான். சப்பாத்தோடு மரப் பாதத்தின் முன்பாதியும் பிளந்து வந்துவிட்டது. எத்தனையோ நாள் இருந்து அரத்தால் ராவி எடுத்த பாதம். கையில் வைத்துப் பார்த்தான்.

நான் மிச்சமிருந்த குதியோடு களத்துக்குள் ஏறினேன். அது வைக்கோலில் குத்திக் குத்திப் புதைந்தது. கடைசி எருமையின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு சுற்றினேன். கிண்ணத்துக்குள் புண் உடைந்தது எனக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியாது. வெயில் ஏறும்வரை இருந்து பார்த்தார். போகும்போது, “ஓம், செய்யிறீர்தான். அடுத்த வருஷமும் சூட்டுக்கு வந்து பார்ப்பன்,” என்றார். ஒரு வருஷத்துக்குக் காணி தப்பியது.

மாணவர்கள் போவதற்கு முன் உடைந்த முனையில் லொறி ரயர்த் துண்டு ஒன்றை அடித்துத் தந்தார்கள். நெட்டையன் மன்னிப்புக் கேட்டான். நான்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கார்த்திகையில் அந்தக் காலோடு சேற்றில் இறங்கினேன். நாலு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டில் நான் வந்துவிட்டேன், கால் வரவில்லை. சேற்றுக்குள் தனியாக நின்றது. மச்சான் பிடுங்கி, வாய்க்காலில் கழுவித் தந்தான். அந்தக் கிழமை கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ‘அண்ணை, கால் எப்படி? குறை இருந்தால் எழுதுங்கள், திருத்தலாம்’ என்று கண்ணாடிக்காரன் எழுதியிருந்தான். சேற்றைப் பற்றி எழுதலாம் என்று இருந்தேன். சேறு எவ்வளவு ஆழம், எப்படிப் பிடித்து இழுக்கும், எல்லாம் எழுத வேண்டும். ‘நல்லாயிருக்கிறது’ என்று மட்டும் எழுதிப் போட்டேன். அதை வைத்துக்கொண்டு வேறு யாருக்காவது அதே மாதிரி ஒரு கால் செய்துகொடுத்தார்களோ தெரியாது. அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

கால் குசினிச் சுவரில் தொங்குகிறது. கவைத்தடியோடுதான் வயலுக்குப் போகிறேன். சில நாள் காலையில் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். அடுப்படியிலிருந்து மனைவி கேட்பாள்.

“ஏன், இண்டைக்கு அதிகாரி ஐயா வாறாரோ?”

“இல்லை.”

“அப்ப சுவரிலையே கொழுவி விடுங்கோ.”