அத்தானுக்குப் பேசாத கம்பிகள்

அக்கா வீட்டுக் கொல்லையில் பாகற்கொடிக்குப் போட்டிருந்த பந்தல் கயிற்றால் கட்டியதல்ல. பேஸ் கிட்டார் கம்பிகளால் கட்டியது. எஃகுக் கம்பியின் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்த, ஒரு கெஜத்துக்கும் கொஞ்சம் கூடுதலான நீளமுள்ள தடித்த கம்பிகள். மூங்கிலோடு மூங்கிலைச் சேர்த்து முறுக்கிவிட்டால் மழைக்கும் அசையாது, காற்றுக்கும் அசையாது. துணி காயப்போடும் கொடி, வாளியின் பிடி, கோழிக்கூண்டின் கதவு எல்லாமே அந்தக் கம்பிதான். சிங்கப்பூர்ச் சாமான் போட்டுக் கோழிக்கூண்டு கட்டிய வீடு பாலக்கரையிலேயே இது ஒன்றுதான் என்று நான் கேலி செய்வேன். அக்கா சிரிக்கமாட்டாள். உன் அத்தான் கழற்றிப் போடுவதை வேறு என்னதான் செய்வது என்று கேட்பாள்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். அறுபதுகளில் திருச்சியில் பேஸ் கிட்டார் வாசித்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அவர்களில் பகல் முழுக்கக் கொதிகலனுக்குள் உட்கார்ந்திருந்தவர் இவர் ஒருவர்தான். எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம், அரிசி ஆலைகளுக்குக் கொதிகலன் செய்து கொடுத்த ஒரு சின்னப் பட்டறையில் வேலை. வளைத்த இரும்புத் தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைப்பார்கள். வெளியே இரண்டு பேர் சம்மட்டியால் மாற்றி மாற்றி அடிக்க, உள்ளே ஒருவர் குந்தியிருந்து அந்த ரிவெட் பின்னால் நகராமல் இரும்புக் கட்டையால் முட்டுக்கொடுக்க வேண்டும். அத்தான் ஒல்லி. நுழையத் தோதான உடம்பு என்று சேர்ந்த அன்றே அவரை உள்ளே அனுப்பினார்கள். அதற்கப்புறம் வேறு வேலைக்கு மாற்றவேயில்லை. கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது மணியடித்தால் எப்படியிருக்கும்? நாள் முழுக்க அதுதான்.

சாயங்காலம் குளித்து, படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டால் ஆள் வேறாகிவிடுவார். கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸ், புது வருஷம் என்று பங்குக் கோயில் ஹாலில் வாசிக்கும் எங்கள் பேண்டில் அவர் பேஸ், நான் பியானோ. கூட ஒரு டிரம்ஸ்காரர், ஒரு பாட்டுக்காரர். அவ்வளவுதான் பேண்ட். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்த, கல்யாணமாகாத பெண் மேடையேறி வாசிப்பதா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பக்கத்தில் அக்கா புருஷன் நிற்கிறார் என்பதால்தான் அந்த முணுமுணுப்பு என் காதுக்கு வராமல் நின்றது. பேஸ் வாசிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. பாட்டுக்காரரைப் பார்ப்பார்கள், டிரம்ஸ்காரர் குச்சியைச் சுழற்றினால் பார்ப்பார்கள். அத்தான் ஓர் ஓரமாக, கண்ணை மூடிக்கொண்டு, கீழ் ஸ்வரங்களில் எங்கள் எல்லோருக்கும் தரை போட்டுக்கொண்டிருப்பார். அந்த ஓரம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கிட்டாரும் கம்பிகளும் கொண்டுவந்து தந்தவர் சிங்கப்பூருக்குக் கப்பலில் போய்வந்துகொண்டிருந்த எங்கள் தெரு பாய். ஸ்பீக்கர் பெட்டி உள்ளூர் ரேடியோ மெக்கானிக் வால்வு போட்டுச் செய்து கொடுத்தது. சூடானால் பலாப்பலகை வாசனை வரும். கம்பியில் இரண்டு ஜாதி. மேற்சுற்று பட்டையாக, தொட்டால் கண்ணாடி மாதிரி வழுக்குவது ஒன்று. அது வயசான பாகவதர் மாதிரி அடக்கமாகப் பேசும். மேற்சுற்று உருண்டையாக, விரலுக்கு நறநறவென்று இருப்பது இன்னொன்று. புதிதாக இருக்கும்போது கணீரென்று இருக்கும், விரல் வியர்வை பட்டுப் பட்டு மெல்ல மங்கும். அத்தான் முதலில் வழுவழுக் கம்பிதான் வாசித்தார். ஒருநாள் ஒத்திகையில் நிறுத்திவிட்டு, “கம்பி செத்துடுச்சும்மா. பேசமாட்டேங்குது” என்றார். நறநறக் கம்பிக்கு மாறினார். கொஞ்ச நாளில் அதுவும் செத்துவிட்டது என்றார். அப்புறம் அடுத்த செட். வருஷத்துக்கு ஒரு செட் என்று இருந்தது, பாய் கப்பலேறும்போதெல்லாம் ஒன்று என்றாகிவிட்டது. “என்ன தம்பி, கம்பிய திங்கிறீங்களா? அடுத்த கப்பல் சபருக்கும் இதே சாமானா?” என்று பாய் கேட்டார். அத்தான் தலையாட்டிச் சிரித்தார். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டிச் சிரிக்க ஆரம்பித்திருந்த காலம் அது.

கம்பி சாகவில்லை என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், கீச்சுச் சத்தத்தால். நறநறக் கம்பியின் மேல் விரலை இழுத்து நகர்த்தினால் கீச்சென்று கத்தும். நன்றாக வாசிப்பவர்கள் விரலைத் தூக்கித் தூக்கி வைப்பார்கள். அத்தானும் அப்படி வைத்தவர்தான். இப்போது இழுத்துக்கொண்டே போனார். பாட்டுக்குப் பாட்டு கீச், கீச். போதாததற்குக் கிட்டாரில் சத்தத்தைக் கூர்மையாக்கும் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார். அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் பல்லைக் கூசவைத்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. “என்ன அத்தான், கிட்டாருக்குள்ள மூஞ்சூறு வளக்கிறீங்களா?” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. டிரம்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு டிரம்மின் திருகாணியை முறுக்குவதுபோல் பாவனை செய்தார். அத்தானுக்கு அந்தக் கீச்சு கேட்கவில்லை என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

என் தங்கை மகன் இப்போது பெங்களூரில் பேஸ் வாசிக்கிறான். மேடையேறும் முன் சின்னதாக ஏதோ ஒன்றை இரண்டு காதிலும் அடைத்துக்கொள்கிறான். காது போனால் எல்லாம் போச்சு பெரியம்மா என்று சாதாரணமாகச் சொல்கிறான். அவன் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறேன். அத்தானுக்கு ஒரு துண்டுப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூட அந்தப் பட்டறையில் ஒரு ஆள் இல்லை.

காதில் குரும்பி இருக்கும், எடுத்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் அவரை நானும் அக்காவும் ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனோம். நெற்றியில் திருமண் துலங்க, மெதுவாகப் பேசும் மனிதர். மேஜையில், தட்டினால் ஒரே ஸ்வரத்தில் ஒலிக்கும் இரண்டு முள் வைத்த இரும்புக் கவைகள் வரிசையாக இருந்தன. பெரியதைத் தட்டி அத்தான் காதருகே பிடித்தார். “ஸி நோட்” என்றார் அத்தான் உடனே. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். “அட, சங்கீதக்காரரா! பேஷ்” என்றார். அடுத்ததையும் அத்தான் சொன்னார். பிறகு டாக்டர் இருப்பதிலேயே சின்னதை எடுத்துத் தட்டினார். கதவோரம் நின்ற எனக்கு அது ஊசிபோல் கேட்டது. அத்தான் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்து, டாக்டர் எப்போது தட்டப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தார். டாக்டர் மறுபடி தட்டினார். இவர் காத்துக்கொண்டே இருந்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மருந்திருக்குன்னு சொல்லணும்னுதான் ஆசை. இல்லையே. உள் நரம்பு போயிடுத்து, போனது வராது” என்றார் டாக்டர். “கீழ் ஸ்வரமெல்லாம் நன்னா கேக்கறது, மேலதான் போயிண்டிருக்கு. அந்த இரும்புக்குள்ள உட்கார்றதை விட்டா, இருக்கறதாவது நிக்கும். இல்லேன்னா இதுவும் போயிடும். அப்புறம் பெருமாள் விட்ட வழி.” இதை அவர் ரகசியமாகச் சொல்லவில்லை. அத்தானைப் பார்த்துத்தான், அவருடைய வழக்கமான மெல்லிய குரலில் சொன்னார். அத்தான் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். முடிந்ததும் எழுந்து, “ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்” என்றார். வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்காவிடம், “பாத்தியா, வீணா பயந்த. நோட்டெல்லாம் கரெக்டா சொன்னேன்ல?” என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அன்று வீட்டுக்கு வந்து அடுப்படியில் வைத்துச் சொன்னாள்: “அந்த வேலையை விட்டா வேற என்ன தெரியும் அவருக்கு? கிட்டாரா சோறு போடும்? ஆக வேலைக்குப் போவாரு. போயித்தான் ஆவணும். காது போவுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே தெனம் அதுக்குள்ள போயி குந்தணுமா? தெரியாமலே குந்தட்டும்.” நான் எதற்கும் பதில் வைத்திருப்பவள் என்று பெயர் வாங்கியவள். பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். அன்று அந்த அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா சொன்னது தப்பு என்று சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

ஆகவே பாய் அடுத்தமுறை வந்தபோது, அவர் கொண்டுவந்ததிலேயே உயர்ந்த செட்டை அத்தான் வாங்கிக்கொண்டார். சித்தி மகளின் கல்யாண வரவேற்புக்கென்று அதை மாட்டினார். மாட்டும்போது குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் அவ்வளவு பதமாக மாட்டினார். “இது பேசும்மா” என்றார். பேசும் அத்தான் என்றேன் உரக்க.

ஹால் நிறைய சொந்தக்காரர்கள். மாப்பிள்ளை பெண் கேக் வெட்டியாயிற்று. ஒரு பாட்டின் முதல் சரணத்தில் இருந்தோம். பங்குச் சாமியார் வாழ்த்துரைக்காக நாற்காலியிலிருந்து எழுந்து மைக் பக்கம் வந்து, போதும் என்று கையைக் காட்டினார். பாட்டுக்காரர் நிறுத்தினார். டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்தார். ஃபாதர் பேசும்போது பியானோவை மூடிவைப்பது எங்கள் ஹாலில் மரியாதை, நான் மூடினேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, தன் பேஸின் அதிர்வு மட்டும் உடம்பில் ஏற, ஸ்பீக்கர் பெட்டிமேல் இடுப்பைச் சாய்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரர் அவர் தோளைத் தொடப் பாதி எழுந்தார். முன்வரிசையிலிருந்து அக்கா வேண்டாம் என்று தலையை அசைத்தாள். தொட்டு நிறுத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும். தொடாவிட்டாலும் தெரிந்துவிடும். எதைச் செய்வது? ஃபாதர் ஒரு நிமிஷம் திகைத்து நின்றார். பிறகு இது ஏதோ ஏற்பாடு என்று நினைத்தாரோ என்னவோ, புன்சிரிப்போடு போய் உட்கார்ந்துவிட்டார்.

சரணம் முழுவதையும் வாசித்தார். பல்லவிக்குத் திரும்பினார். பாட்டு இல்லை, தாளம் இல்லை, பியானோ இல்லை. ஆனால் எல்லாம் இருப்பதுபோல் ஒவ்வோர் இடத்திலும் எங்களுக்கு வேண்டிய இடத்தை விட்டு விட்டு வாசித்தார். நான் ஓடி நிரப்பும் ஓர் இடம் வரும். அங்கே எனக்காக விரலை நிறுத்திக் காத்திருந்தார். அந்த அமைதியில் என் கை மடியில் கிடந்தது. நடுநடுவே கீச்சென்றது. பின்னால் சில பிள்ளைகள் அதைப்போலவே கீச்சிட்டுச் சிரித்தார்கள். யாரோ அவர்களை அதட்டினார்கள். பாட்டு எங்கே முடிய வேண்டுமோ அங்கே, இம்மி பிசகாமல் முடித்தார். அக்காதான் முதலில் கைதட்டினாள், கை வலிக்கிற அளவுக்கு. அப்புறம் ஹாலே தட்டியது.

அத்தான் கண்ணைத் திறந்தார். எல்லோரும் தன்னையே பார்த்துக் கைதட்டுவதைப் பார்த்தார். வாழ்க்கையில் அவருக்கு அப்படி யாரும் தட்டியதில்லை. முகமெல்லாம் வெட்கம். என் பக்கம் குனிந்து, “பாத்தியாம்மா, கம்பி பேசிடுச்சு” என்றார். கைதட்டல் ஓய்ந்தது. ஃபாதர் மறுபடி மைக் முன்னால் வந்து நின்றார், ஹால் அடங்கிவிட்டது. அத்தான் அந்தச் சிரிப்பு மாறாமல் திரும்பியவர், கீழே கிடந்த குச்சிகளைப் பார்த்தார். பியானோவைப் பார்த்தார். அதன் மூடியின் மேல், பரிமாறிக்கொண்டு வந்த யாரோ ஒரு தட்டுக் கேக்கை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் பாதி தின்றாகியிருந்தது.

“நீ இதை எப்பம்மா மூடுன?” என்று கேட்டார்.

அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் நான் கத்தித்தான் சொல்ல வேண்டும். அத்தனை பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.