பங்களாக் கிணற்றுச் சாவி

அறுபதுகளில், காலரா கண்ட ஒரு வருஷம். கடலூர்-சிதம்பரம் ரோட்டில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். நான் ஹெல்த் விசிட்டராகச் சேர்ந்த புதிது. ஊசி போடப் போய் ஜீப்பை விட்டு இறங்கினால், ரோட்டை மறித்து ஒரு தெருவே உட்கார்ந்திருந்தது.

முன்வரிசையில் லாரி டிரைவர் காதர் பாய். காலராவில் போன தங்கச்சியை முந்தின நாள்தான் அடக்கம் செய்திருந்தார். நான் ஸ்டவ்வைப் பற்றவைத்து, சிரிஞ்சைக் கொதிக்க வைக்க ஜீப்பில் கொண்டுவந்த குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினேன். அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“இது எந்தத் தண்ணி நர்ஸம்மா?”

“பங்களாக் கெணத்துத் தண்ணி, பாய்.”

“ஊசிக்குக் கெடைக்கிற தண்ணி எங்க புள்ளைங்களுக்குக் கெடைக்காதா? கேட்டத் தொறக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் இங்க ஒருத்தரும் கை நீட்ட மாட்டாங்க.”

கேட்டது நியாயம். ஊர் குடித்தது குட்டைத் தண்ணீர். நல்ல கிணறு இருந்தது அரசாங்க பங்களாவுக்குள். அதன் சாவி, அங்கே தங்கியிருந்த எங்கள் ஹெல்த் ஆபீஸரிடம். ஊசி உடம்பில் பிடிக்க நாளாகும். தண்ணீர் அன்றைக்கே வேண்டும். ஆனால் ‘ஒருத்தரும்’ என்றாரே, அதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ரோட்ட மறிங்க, நான் கேக்கல. ஒங்க கைய நீட்டாதீங்க, அது ஒங்க இஷ்டம். அடுத்தவ புள்ள கையப் புடிச்சி வைக்க நீங்க யாரு?”

இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி எழுந்தாள். அப்போது, என்னோடு வந்து ஜீப்பை விட்டு இறங்காமலே இருந்த ஆபீஸர் கத்தினார்: “போடாத! ரோட்ட வுட்டாத்தான் ஊசி. ஸ்டவ்வ அணைம்மா!”

“கேட்டத் தொறந்து வுடுங்க சார்.”

“கண்டவனும் எறங்குனா அந்தக் கெணறும் கெட்டுடும். சொன்னதச் செய்.”

இரண்டு பேருமே ஊசியைக் காட்டித்தான் மிரட்டினார்கள். பாயாவது வீட்டில் சாவு விழுந்த ஆத்திரத்தில் பேசினார். இந்த மனிதருக்கு என்ன கேடு?

“என் வேல ஊசி போடறது சார். சஸ்பெண்ட் பண்ணணும்னா பண்ணிக்குங்க.”

உட்கார்ந்தவர்களை எழுப்பாமல், வரிசை வரிசையாக நானே குனிந்து போட்டேன். கடைசியாகக் காதர் பாய் சட்டைக் கையைச் சுருட்டினார்.

“போட்டுக்கறேன். ஆனா எந்திரிக்க மாட்டேன்.”

“எந்திரிக்காதீங்க” என்றேன்.

மத்தியானம் பஸ்கள் நீளமாக நின்றுவிட்டன. ஒரு பஸ்ஸில் சிதம்பரம் போகிற கல்யாணக் கூட்டம். மாப்பிள்ளையின் மாமா யாரோ பெரிய புள்ளி போலிருக்கிறது. இறங்கி வந்து ஒரு சத்தம் போட்டார். ஆபீஸரே ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார்.

எனக்குத் திட்டக்குடிக்கு மாற்றல்.

உத்தரவை மீறலாமா என்று இப்போது வேலைக்கு வருகிற பெண்கள் கேட்கிறார்கள். மீறுங்கள். அதற்கு விழுகிற அடி உங்கள் முதுகில் விழட்டும். நோயாளி மேல் விழக் கூடாது. ஆபீஸர்களுக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி எதுவும் இல்லை. காதர் பாய் தங்கச்சியின் சாவுக்குத் திறக்காத கேட், முகூர்த்தம் தப்பிவிடும் என்றதும் திறந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.